மஞ்சப்பையும் மனக்கணக்கும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வேதியியல்

முன்னுரை

சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்று சொல்லாதவர் இன்று இல்லை. மேடையில் பேசுகிறோம்; சுவரில் எழுதுகிறோம்; கட்டுரைப் போட்டியில் கலந்துகொண்டு பரிசும் பெறுகிறோம். போட்டி முடிந்து வீடு திரும்பும் வழியில் அரைக் கிலோ தக்காளி வாங்கினால், அதைப் பாலித்தீன் பையில்தான் கொண்டு செல்கிறோம். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே இந்தத் தொலைவு எவ்வாறு வந்தது, அதை எவ்வாறு குறைக்கலாம் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். உலகம் முழுவதையும் பற்றிப் பேசாமல், நம் கையில் தொங்கும் பை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வேதியியல் மாணவன் என்ற முறையிலும், சிறிய மளிகைக் கடைக்காரர் ஒருவரின் மகன் என்ற முறையிலும் இந்தப் பையோடு எனக்கு இரட்டை உறவு உண்டு.

பாலித்தீன் பிறந்த கதை

1933-ஆம் ஆண்டு மார்ச் மாதம். இங்கிலாந்தில் நார்த்விச் என்னும் ஊரில், இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் எரிக் பாசெட், ரெஜினால்டு கிப்சன் என்னும் இருவர் எத்திலீன் வாயுவையும் பென்சால்டிகைடையும் மிகுந்த அழுத்தத்தில் சூடாக்கினர். எதிர்பார்த்த பொருள் கிடைக்கவில்லை. ஆனால் கலத்தினுள் மெழுகு போன்ற வெண்மையான பொருள் சிறிதளவு படிந்திருந்தது. அதுவே பாலித்தீன். எத்திலீன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலி போலக் கோத்து நிற்பதே இதன் அமைப்பு என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோம்.

இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளின் கம்பிகளுக்கு உறையிட இப்பொருள் பயன்பட்டது. 1953-இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் சீக்லர் குறைந்த அழுத்தத்திலேயே இதைத் தயாரிக்கும் வழியைக் கண்டார். அவருக்கும் இத்தாலிய அறிஞர் ஜூலியோ நாட்டாவுக்கும் 1963-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒரே தாளில் இரு கைப்பிடிகளோடு வெட்டி எடுக்கும் பைக்கு, ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்றுக்காக ஸ்டென் குஸ்தாப் துலின் என்பவர் 1965-இல் காப்புரிமை பெற்றார். இன்று காய்கறிக் கடைகளில் ஆணியில் தொங்கும் பை அதன் வழிவந்ததே ஆகும்.

ஆகவே பாலித்தீன் அறிவியலின் குற்றமன்று; அறிவியலின் வெற்றிகளுள் ஒன்று. நீர் புகாது, துருப் பிடிக்காது, பூச்சி அரிக்காது, எடையும் இல்லை. பல ஆண்டு உழைக்க வேண்டிய கம்பி உறைக்கு இக்குணங்கள் பெருமை. கடையிலிருந்து வீடு வரை, பத்து நிமிடம் மட்டும் பயன்படும் பைக்கு அவையே கேடாக முடிந்தன.

அழியாமை என்னும் குறை

வாழையிலையைக் குப்பையில் போட்டால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் தின்று எருவாக்கிவிடுகின்றன. பாலித்தீனின் நீண்ட கார்பன் சங்கிலியை அறுக்கும் திறன் அவற்றின் நொதிகளுக்கு ஏறக்குறைய இல்லை எனலாம். வெயில் பட்டால் அது நொறுங்கும். ஆனால் நொறுங்குவது வேறு, மட்குவது வேறு. ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைந்த துகள்களாகி மண்ணிலும் ஆற்றிலும் கடலிலும் கலந்து நிற்கிறது. இத்தகைய துகள்கள் இன்று மனிதக் குருதியிலும் கண்டறியப்பட்டுள்ளன.

எரித்துவிடலாமே என்பார் உண்டு. தெருமுனையில் குப்பையைக் கொளுத்தும்போது வெப்பம் போதாமல் நச்சுப் புகையே எழுகிறது. பாலித்தீனில் குளோரின் இல்லை. ஆயினும் அதே குவியலில் பி.வி.சி. துண்டுகள் கிடந்தால் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. எரிக்காமல் விட்டாலோ சாக்கடை அடைபடுகிறது. வங்காள தேசத்தில் 1988-லும் 1998-லும் வந்த பெருவெள்ளங்கள் வடியாமல் நின்றதற்கு வடிகால்களை அடைத்த பாலித்தீன் பைகளும் ஒரு காரணம் என்று கண்டு, 2002-இல் அந்நாடு அப்பைகளை அறவே தடை செய்தது.

நம் ஊர்த் தெருவில் இன்னொரு காட்சி. எஞ்சிய சோற்றைப் பையில் முடிந்து எறிகிறோம். பசுவுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, பையோடு விழுங்குகிறது. 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் கால்நடை மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றை அறுத்து, ஐம்பது கிலோவுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தனர். பத்து நிமிட வசதிக்கு அந்த வாயில்லாச் சீவன் கொடுத்த விலை அது.

பாட்டியார் காலத்து வழக்கம்

பாலித்தீன் பை வருமுன் நம்மவர் பொருள் வாங்காமலா இருந்தனர்? பாலுக்குத் தூக்குவாளி, எண்ணெய்க்குப் புட்டி, அரிசிக்குச் சாக்கு, காய்க்குக் கூடை, கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி, பூவுக்கு வாழையிலை, பருப்புக்குக் காகிதப் பொட்டலமும் சணல் நூலும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. பொட்டலத்து நூலைக்கூட என் பாட்டியார் எறிய மாட்டார். உருண்டையாகச் சுற்றி வைத்து, பூக்கட்டப் பயன்படுத்துவார்.

இவற்றுக்கெல்லாம் நடுநாயகமாக விளங்கியது மஞ்சப்பை. திருமண வீட்டில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் இட்டுக் கொடுத்த தாம்பூலப் பை, மறுநாள் முதல் சந்தைக்குச் செல்லும் பையாகும். பிறகு பள்ளிப் புத்தகம் சுமக்கும். கிழிந்தால் ஒட்டுப் போடப்படும். ஒட்டும் கிழிந்தால் அடுப்படியில் கரித்துணியாகும். இடையில் வந்த நாகரிகம் அந்தப் பையை ஏளனம் செய்தது. மஞ்சப்பையோடு பட்டணத்துப் பேருந்தில் இறங்கியவரைப் பட்டிக்காட்டான் என்று சிரித்தார்கள். வெறுங்கையோடு கடைக்குப் போவது கௌரவமாயிற்று.

இங்கு நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய வழக்கத்தில் கடைக்காரர் பொருளைத் தந்தார். அதைச் சுமக்கும் கலத்தை வாங்குபவர் கொண்டுவந்தார். புதிய வழக்கத்தில் இரண்டையும் கடைக்காரரே தர வேண்டியதாயிற்று. இலவசமாகத் தர வேண்டியிருந்ததால் மிக மலிவான பையே தரப்பட்டது. இலவசமாக வந்ததால் எறியவும் கூசவில்லை.

சட்டமும் கடையும்

தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பர் 23-ஆம் நாள் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் சென்னையில் தொடங்கப்பெற்றது. 2022-இல் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் நாணயம் இட்டால் துணிப்பை தரும் இயந்திரம் வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 1 முதல், ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு இந்தியா முழுவதும் தடை வந்தது.

தடை வந்தபோது நான் பள்ளி மாணவன். எங்கள் தந்தையார் சட்டத்துக்கு அஞ்சி, இருந்த பைக்கட்டுகளை எல்லாம் ஒப்படைத்துவிட்டார். மறுநாள் மாலை வாடிக்கையாக வரும் அம்மையார் ஒருவர் சர்க்கரையும் ரவையும் கேட்டார். நிறுத்து வைத்ததும், "அண்ணாச்சி, ஒரு கவர் குடுங்க" என்றார். இல்லை என்றதும், "கவர் இல்லாட்டி பக்கத்துக் கடையில வாங்கிக்கிறேன்" என்று போய்விட்டார். நிறுத்த சர்க்கரையைத் தந்தையார் மறுபடி மூட்டையில் கொட்டியதை நான் பார்த்தேன். அந்த வாரம் இப்படிச் சென்றவர் பலர். எங்கள் கடையிலே, தொழிற்சாலையில் உறையிட்டு வந்த நொறுக்குத் தீனிப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை யாரும் கேட்கவில்லை. சட்டத்தின் சுமை சிறிய கடைக்காரர் தோளில் விழுந்ததே என்று அன்று எனக்கு வருத்தம்தான். இன்றும் அந்த வருத்தம் முழுதும் நீங்கவில்லை.

என் தாயார் ஒரு வழி கண்டார். பழைய வேட்டி, திரைச்சீலை ஆகியவற்றை வெட்டிப் பைகளாகத் தைத்தார். கடையில் ஆணியடித்து அவற்றை மாட்டினோம். பை இல்லாமல் வருபவர் எடுத்துச் சென்று, அடுத்த முறை திருப்பித் தரலாம் என்று ஏற்பாடு. முதல் சுற்றுப் பைகளில் பெரும்பாலானவை திரும்பவில்லை. பிறகு தந்தையார் ஒரு காரியம் செய்தார். பற்று நோட்டில் அரிசி, பருப்போடு சேர்த்து, 'பை ஒன்று, ரூபாய் பத்து' என்று எழுதலானார். பை வந்தால் அடித்துவிடுவார். பைகள் திரும்பி வரத் தொடங்கின. சில நாளில் பலர் தம் வீட்டுப் பையையே கொண்டு வந்தார்கள். பத்து ரூபாய் பெரிய தொகையன்று; ஆனால் எழுதப்பட்ட கடன் நினைவில் நிற்கிறது.

அயர்லாந்து நாட்டில் 2002 மார்ச் முதல் பை ஒன்றுக்குப் பதினைந்து சென்ட் வரி விதித்தார்கள் என்றும், அதன்பின் பைப் பயன்பாடு ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்தது என்றும் பின்னர்ப் படித்தேன். அயர்லாந்து அரசு செய்ததும் என் தந்தையாரின் பற்று நோட்டு செய்ததும் ஒன்றே. இலவசம் என்னும் மயக்கத்தைக் கலைத்தால் கை தானே பையைத் தேடுகிறது.

துணிப்பைக்கும் கணக்கு உண்டு

துணிப்பை வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவோர்க்கு ஒரு செய்தி. பருத்தி விளைய நீர் வேண்டும், உரம் வேண்டும். நூற்கவும் நெய்யவும் மின்சாரம் வேண்டும். ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாகப் பத்தாயிரம் லிட்டர் அளவுக்கு நீர் செலவாகிறது என்பது ஒரு கணக்கு. 2018-இல் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட ஆய்வு, ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 52 தடவை பயன்படுத்தினால்தான் தட்பவெப்பக் கேட்டின் அளவில் அது பாலித்தீன் பைக்கு ஈடாகும் என்று கூறியது. எல்லா அளவுகோல்களையும் சேர்த்தால் 7,100 தடவை வேண்டுமாம்.

மனக்கணக்காகப் போட்டுப் பார்ப்போம். வாரம் இரண்டு முறை சந்தைக்குப் போனால் ஆண்டுக்கு 104 முறை. 52 தடவை என்பது ஆறே மாதத்தில் முடிந்துவிடும். 7,100 தடவைக்கோ 68 ஆண்டுகள் ஆகும்; பை தாங்காது. அப்படியானால் பாலித்தீனே மேல் என்று முடிவு கட்டலாமா? கூடாது. தெருவில் எறியப்படும் பையால் விளையும் கேடு அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. டென்மார்க்கில் குப்பை முறையாகத் திரட்டப்பட்டு உலையில் எரிக்கப்படுகிறது. நம் ஊரிலோ அது சாக்கடைக்கும் பசுவின் வயிற்றுக்கும் போகிறது.

எனினும் அவ்வாய்வு நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. பையின் நன்மை அது எதனால் செய்யப்பட்டது என்பதில் மட்டும் இல்லை. எத்தனை தடவை பயன்படுகிறது என்பதில் இருக்கிறது. விழாவுக்கு ஒன்று, கருத்தரங்குக்கு ஒன்று என்று வாங்கி, பெட்டியின் அடியில் பத்துத் துணிப்பைகளை உறங்க வைத்திருப்பவர் சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்தவராகார். ஒரே பையை ஒட்டுப் போட்டுப் பயன்படுத்திய பாட்டியார் எந்த ஆய்வும் படிக்காமலே இதை அறிந்திருந்தார்.

துணி வேடமிட்ட பிளாஸ்டிக்

இன்னொரு மயக்கமும் உண்டு. பல வண்ணங்களில், துணிபோலத் தோன்றும் மெல்லிய பைகள் கடைகளில் தரப்படுகின்றன. நெய்யப்படாத இப்பைகளில் பெரும்பாலானவை பாலிப்ரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கே. தமிழ்நாட்டுத் தடைப்பட்டியலில் இவையும் உள்ளன. கண்டறிவது எளிது. உண்மைத் துணியின் ஓரத்தில் நூலைத் தனியே உருவலாம். இதில் நூலே இல்லை, பஞ்சுபோல் பிய்ந்து வரும். ஆய்வகத்தில் ஒரு சிறு துண்டைச் சுடரில் காட்டினால், பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். இது சுருங்கி உருகும்.

நாம் செய்யக் கூடியவை

1. புதிய பை வாங்குவதை விட்டு, வீட்டில் இருக்கும் பையையே எடுப்போம். அதை மிதிவண்டியிலோ புத்தகப் பையிலோ எப்போதும் வைத்திருப்போம். மறதியே நம் முதற்பகை.

2. நீர் சிந்தும் பொருளுக்கு மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரம் கொண்டு செல்வோம். வெட்கப்பட வேண்டியதில்லை.

3. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளைகளும் தடைப்பட்டியலில் உள்ளவை. கல்லூரிச் சிற்றுண்டிச் சாலைக்கும் விழாக்களுக்கும் சொந்தக் குவளை கொண்டு செல்வோம்.

4. விடுதி அறைகளில் சேர்ந்து கிடக்கும் பைகளைத் திரட்டி, அருகில் உள்ள சிறு கடைகளுக்குக் கொடுக்க நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முன்வரலாம். கடைக்காரரின் சுமையில் பாதி குறையும்.

5. ஏற்கெனவே சேர்ந்த பிளாஸ்டிக்கை எரிக்காமல், உலர் குப்பையாகப் பிரித்துக் கொடுப்போம். மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் கழிவுப் பிளாஸ்டிக்கைச் சூடான சல்லிக் கற்களின்மேல் பூசி, தாரோடு கலந்து சாலை அமைக்கும் முறையைக் கண்டு, 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பிரித்துக் கொடுத்தால்தான் இத்தகைய முயற்சிகளுக்குப் பொருள் கிடைக்கும்.

முடிவுரை

பாலித்தீனைக் கண்டவர்கள் நம்மைப் போன்ற வேதியியல் படித்தவர்கள்தாம். அதற்கு மாற்றுக் காணும் பொறுப்பும் வேதியியல் படிப்பவர்க்கு உண்டு. அதற்குக் காலம் ஆகலாம். வீட்டு ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு ஆய்வகம் தேவையில்லை. சட்டம் கடைக்காரரைத்தான் தடுக்க முடியும்; வாங்குபவர் வெறுங்கையோடு வருவதைச் சட்டத்தால் தடுக்க முடியாது. அதை மாற்ற வேண்டியவர்கள் நாமே. அடுத்த முறை மளிகைக் கடைக்குச் செல்லும்போது, நண்பர்களே, கையில் பை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்த சர்க்கரையை மறுபடி மூட்டையில் கொட்டும் நிலை எந்தக் கடைக்காரருக்கும் வர வேண்டாம்.