ஊழியர் தெரிவு: உயரமா, ஊக்கமா?

1996 உலகக் கிண்ணக் கிரிக்கட் தொடரில் ரொமேஷ் களுவிதாரண ஆறு இன்னிங்ஸ்களில் எடுத்த மொத்த ஓட்டங்கள் 73. ஸிம்பாப்வேக்கு எதிராக 0, டில்லியில் இந்தியாவுக்கு எதிராக 26, கண்டியில் கென்யாவுக்கு எதிராக 33, கால் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 8, கல்கத்தா அரை இறுதியில் 0, லாஹூர் இறுதிப் போட்டியில் 6. சராசரி 12 ஐச் சற்றே தாண்டுகிறது. நமது கடையில் ஒரு விற்பனையாளர் ஆறு மாதம் தொடர்ந்து இப்படியொரு கணக்கைக் காட்டினால் ஏழாம் மாதம் அவரை வைத்திருப்போமா?

ஆனால் அந்தக் கிண்ணத்தைப் பற்றிப் பேசும் எவரும் களுவிதாரணவின் பெயரை விட்டுவிட்டுப் பேசுவதில்லை. இது ரசிகர்களின் வெறும் பாசமல்ல. இதற்குள் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது. அதைத்தான் இவ்வாரம் பார்க்கப் போகிறோம்.

களுவிதாரண உயரம் குறைந்தவர். வர்ணனையாளர் டோனி கிரேக் அவரை "லிட்டில் களு" என்றே அழைப்பார். 1992 ஆகஸ்டில் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடிய முதலாவது டெஸ்ட் போட்டியிலேயே ஆட்டமிழக்காமல் 132 ஓட்டங்கள் எடுத்தவர். அப்படியிருந்தும் அதன் பின்னர் அணிக்குள் வருவதும் போவதுமாகவே இருந்தார். 1995/96 அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில்தான் ஒருநாள் போட்டிகளில் அவரை ஆரம்பத் துடுப்பாட்ட வீரராக இறக்கினார்கள். அர்ஜுன ரணதுங்க தலைவர், டேவ் வட்மோர் பயிற்றுவிப்பாளர். நிதானமாக ஆரம்பித்து விக்கட்டைக் காப்பாற்றுவதே அன்றைய உலக வழக்கம். பின்வரிசையில் ஆடிவந்த ஒரு சிறிய விக்கட் காப்பாளரை முன்னால் அனுப்பி, முதல் பந்திலிருந்தே அடிக்கச் சொன்னால் ஊர் என்ன சொல்லும்? கண்மூடித்தனமான அடி என்றுதான் சொல்லும்.

ரணதுங்க பார்த்தது வேறு. முதல் 15 ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே இரண்டு களத்தடுப்பாளர்கள் மட்டுமே நிற்கலாம் என்பது அன்றைய விதி. அந்த இடைவெளியைப் பயன்படுத்த உயரம் தேவையில்லை. வேகமான கையும், ஆட்டமிழந்தால் ஏச்சு விழுமே என்று அஞ்சாத மனமும் தேவை. அந்த வேலைக்கு அந்த ஆள். 1996 மார்ச் 2 ஆம் திகதி டில்லியில் இந்தியா 271 ஓட்டங்கள் எடுத்திருந்தது. களுவிதாரணவும் சனத் ஜயசூரியவும் முதல் மூன்று ஓவர்களில் 42 ஓட்டங்களைக் குவித்தார்கள். புதுப் பந்தை எடுத்த மனோஜ் பிரபாகர் 4 ஓவர்களில் 47 ஓட்டங்களைக் கொடுத்து, கடைசியில் வேகத்தைக் கைவிட்டுச் சுழல் பந்து வீசும் நிலைக்கு வந்தார். களுவிதாரணவின் பேரேட்டில் 26 ஓட்டங்கள் மட்டுமே பதிவாயின. எதிரணியின் திட்டம் குலைந்து போனதன் இலாபம் பின்னால் வந்தவர்களின் பேரேடுகளில் பதிவாகியது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கல்கத்தா அரை இறுதியில் களுவிதாரண, ஜயசூரிய இருவருமே ஸ்ரீநாத்தின் முதல் ஓவரிலேயே ஆட்டமிழந்தார்கள். அப்போது அணியின் ஓட்டம் 1. லாஹூர் இறுதிப் போட்டியில் 23 ஓட்டங்களுக்கு இருவரும் போய்விட்டார்கள். ஆனாலும் இரண்டிலும் இலங்கை வென்றது. கல்கத்தாவில் அரவிந்த டி சில்வா 66 எடுத்தார். லாஹூரில் அவரே 107, குருசிங்க 65, ரணதுங்க 47. அதாவது முன்னால் ஒரு துணிச்சலை அனுப்பும்போது, அது தவறினால் தாங்குவதற்குப் பின்னால் ஆட்கள் வைக்கப்பட்டிருந்தார்கள். முழு முதலையும் ஒரே சரக்கில் போட்டுவிட்டு "தவக்குல்" என்று சொல்பவர்கள் இந்த இடத்தை ஒருமுறை கவனிப்பது நல்லது.

நம்மவர்களின் உறவினர் பலர் வாழும் கனடாவில் கிரிக்கட் அல்ல, பனித்தரை ஹொக்கிதான் பெரும் மோகம். அங்கும் அமெரிக்காவிலுமுள்ள கழகங்கள் இளம் வீரர்களை ஏலத்தில் எடுப்பதில்லை. ஆண்டுக்கொரு முறை கூடி, ஒன்றன் பின் ஒன்றாகப் பெயர் சொல்லித் தெரிவு செய்கின்றன. நமது லங்கா பிரீமியர் லீக்கும் 2020 இல் ஆரம்பித்தபோது இந்த முறையில்தான் ஆட்களை எடுத்தது. உடம்போடு உடம்பு மோதும் விளையாட்டு என்பதால், பனித்தரை ஹொக்கியில் சிறிய உருவமுள்ள முன்கள வீரரின் பெயர் வாசிக்கப்பட்டால் ரசிகர்கள் இரண்டாகப் பிரிவார்கள். "நல்ல போராளி" என்று ஒரு சாரார். "பெரியவர்கள் நசுக்கிவிடுவார்கள்" என்று மறு சாரார்.

1987 இல் கல்கரி பிளேம்ஸ் கழகம் 5 அடி 6 அங்குலம் உயரமான தியோ பிளூரியைத் தெரிவு செய்தது. எட்டாவது சுற்று, 166 ஆவது பெயர். முந்திய சுற்றுகளில் ஏனைய கழகங்கள் மட்டுமல்ல, கல்கரியே அவரைத் தாண்டித்தான் சென்றிருந்தது. பெரிய நம்பிக்கை இருந்ததால் எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. விலை குறைவு, போனால் போகட்டும் என்ற அளவுதான். அதிகாலையில் மீன் ஏலத்துக்குப் போகிறவர்களுக்கு இது புரியும். எல்லாக் கண்களும் அறக்குளாவில் இருக்கும்போது, ஒருவர் மூலையில் கிடக்கும் நெத்தலியை அமைதியாக வாங்கிக் கொண்டு போவார். பிளூரி இரண்டே வருடங்களில், 1989 இல், ஸ்டான்லி கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். 1990/91 பருவகாலத்தில் 51 கோல்கள் அடித்தார்.

இவ்வளவு இலாபம் கண்ட கழகம் பாடம் படித்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. மார்ட்டின் சென் லூயி என்ற இன்னொரு சிறிய வீரர், எந்தக் கழகமும் தெரிவு செய்யாமல் விடப்பட்டவர், அதே கல்கரியில் சேர்ந்தார். 2000 இல் கல்கரி அவரைப் போகவிட்டது. தம்பா பே கழகம் அவரை எடுத்துக் கொண்டது. 2004 ஸ்டான்லி கிண்ண இறுதியில் தம்பா பேயிடம் தோற்ற அணி எது தெரியுமா? கல்கரி. அந்தப் பருவகாலத்தின் மிகப் பெறுமதிமிக்க வீரருக்கான விருதும் சென் லூயிக்கே கிடைத்தது. தகப்பன் காலத்தில் கிடைத்த அனுபவம் மகன் கல்லாவில் உட்காரும்போது காணாமல் போவதை நமது பிரதான வீதியிலும் பார்க்கிறோம்.

சிறிய உருவம் எல்லாம் நல்லது என்று யாரும் விளங்கிக் கொள்ளக் கூடாது. ஹார்ட்வெயார் கடையின் களஞ்சியத்தில் 50 கிலோ சீமெந்து மூடையை நாள் முழுக்கத் தூக்க வேண்டுமென்றால் உடல் பலம்தான் தகுதி. ஸூரா அல்பகராவில் (2:247) தாலூத் அரசராக நியமிக்கப்பட்டபோது, செல்வம் இல்லாதவர் எப்படி அரசராகலாம் என்று மக்கள் ஆட்சேபித்ததையும், அறிவிலும் உடலிலும் அவருக்கு அல்லாஹ் விசாலத்தைக் கொடுத்திருந்ததையும் காண்கிறோம். அங்கே காத்திருந்த வேலை யுத்தம். ஆகவே உடலும் கணக்கில் வந்தது. மக்கள் அளந்ததோ பணத்தை.

ஊழியர் தெரிவு பற்றிப் பேசும் நமது உலமாக்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது ஸூரா அல்கஸஸின் 26 ஆவது வசனம். மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்துமாறு தந்தையிடம் கூறிய பெண், பலமுள்ளவர், நம்பிக்கைக்குரியவர் என்ற இரண்டு தகுதிகளைச் சொன்னார். பலம் என்றால் தோள் பலம் மட்டுமா? ஒவ்வொரு பொறுப்புக்கும் அதற்கேற்ற பலம் உண்டு, போர்க்களத்தில் அது வீரம், தீர்ப்பளிப்பதில் அது அறிவு என்று இமாம் இப்னு தைமிய்யா "அஸ்ஸியாஸா அஷ்ஷரஇய்யா"வில் விளக்குகிறார். நமது துறைமுகத்திலேயே இதைக் காணலாம். பெரிய கப்பலைத் தள்ளி அணைப்பதற்கு இழுவைப் படகு பிடிப்பவர் அதன் நீளத்தைக் கேட்பதில்லை. எத்தனை தொன் இழுக்கும் என்றே கேட்பார்.

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் மெலிந்த, உயரம் குறைந்த ஸஹாபி. மரத்தில் ஏறியபோது அவர்களது கால்களின் மெலிவைக் கண்டு சிலர் சிரித்தார்கள். அக்கால்கள் மறுமைத் தராசில் உஹுத் மலையை விடக் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். வர்த்தகர்களுக்கு இன்னொரு செய்தியும் முக்கியம். பின்னாளில் உமர் (ரழி) அவர்கள் இப்னு மஸ்ஊதைக் கூஃபாவுக்கு ஆசிரியராக அனுப்பியபோது, அங்குள்ள பைத்துல்மால் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படைத்தார்கள்.

இனி நமது கடைக்கு வருவோம். திருகோணமலை நகரில் ஒரு மொத்த வியாபாரக் கடை, முதலாளியோடு மூன்று ஊழியர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒருவர் வெளிநாடு போய்விட்டார். அந்த இடத்துக்கு ஒருவரை எடுக்க வேண்டும். பெரிய கம்பனிக்கு ஓர் ஆள் பிழைத்தால் ஆயிரத்தில் ஒன்று பிழை. இவருக்கு மூன்றில் ஒன்று. வந்திருப்பவர்கள் இருவர். ஒருவர் வாட்டசாட்டமான, பேச்சு வல்லமையுள்ள, மச்சானின் சிபாரிசோடு வந்த இளைஞர். மற்றவர் மெலிந்த சிறு பையன். "என்ன ஹாஜியார், இந்தப் பொடியனையா எடுக்கப் போறீங்க? காத்தடிச்சாப் பறந்திடுவானே" என்று வாடிக்கையாளரும் சொல்வார், அடுத்த கடைக்காரரும் சொல்வார். அவர்கள் ரசிகர்கள். ரசிகர் தனது அபிப்பிராயத்தை ஒவ்வொரு மாலையும் மாற்றிக் கொள்ளலாம், செலவில்லை. மாத முடிவில் சம்பளம் எண்ணுபவர் முதலாளி.

முதலில் வேலை எது என்று எழுதிக் கொள்ள வேண்டும். "கடைக்கு ஓர் ஆள்" என்பது வேலையல்ல. கிண்ணியா, மூதூர், தோப்பூர் கடைகளுக்குப் போய் ஓடர் எடுத்து, சென்ற வாரக் கடனையும் வாங்கி வருவது ஒரு வேலை. அதிகாலையில் பட்டியலைப் பார்த்துப் பிழையில்லாமல் லொறிக்குச் சாமான் எடுத்துக் கொடுப்பது இன்னொரு வேலை. பிறகு இருவரையும் அந்த வேலையிலேயே இரண்டு வாரம் விட்டுப் பார்க்க வேண்டும். நேர்முகத்தில் பார்ப்பது உயரத்தை. பாதையில் தெரிவது, மூன்று தடவை "நாளைக்கு வாங்க" என்று சொன்ன கடைக்கு நான்காவது தடவையும் முகம் சுளிக்காமல் போகிறாரா என்பது.

கணக்கைப் பார்க்கும்போது களுவிதாரணவின் 73 ஐ நினைவில் வைத்திருக்க வேண்டும். களஞ்சியத்திலுள்ள பையன் சுறுசுறுப்பானவனாக இருந்தால் ஒன்பது மணிக்குப் புறப்படும் லொறி ஏழு மணிக்குப் புறப்படும். மூதூருக்குப் போட்டி வியாபாரியின் லொறி வருமுன் நமது சரக்கு இறங்கிவிடும். அன்றைய விற்பனை முழுவதும் லொறியில் போனவரின் பெயரில் பதிவாகும், பையனின் பெயரில் ஒரு சதமும் இருக்காது. பெரும்பாலான முதலாளிமார் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். விற்றவருக்குக் கொமிஷன் கொடுத்து, லொறியை நேரத்துக்கு அனுப்பியவரை அற்பக் காரணத்துக்காக நிறுத்திவிட்டு, மூன்று மாதம் கழித்து விற்பனை ஏன் விழுந்தது என்று கேட்கிறார்கள். லொறி புறப்பட்ட நேரம், பிழையாகப் போய்த் திரும்பி வந்த சரக்கு, வசூலான கடன் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வந்தால் போதும். கணினி தேவையில்லை.

சோதித்துப் பார்ப்பது என்றதும் சிலர் சம்பளமில்லாமல் வேலை வாங்கலாம் என்று விளங்கிக் கொள்கிறார்கள். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இதற்கு இடமில்லை. சட்டத்திலும் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 சதவீதமும் ஊழியரின் 8 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3 சதவீதமும், தற்காலிக ஊழியர் உட்பட, வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே சேர வேண்டியவை. எதை, எத்தனை மாதம் கவனிக்கப் போகிறோம் என்பதை ஆரம்பத்திலேயே அவரிடம் சொல்லி, ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக் கொள்வது நல்லது. முதல் மாதப் பங்களிப்பை அடுத்த மாத முடிவுக்குள் கட்டிவிட வேண்டும்.