குப்பியின் மேல் எழுதிய பெயர்

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் பலருக்கும் ஒரு மூலிகைச் சாற்றையாவது வாய்ப் புற்றுநோய் செல்களில் சோதித்துப் பார்க்க ஆசை. புகையிலை போடும் ஊரில் நியாயமான ஆசைதான். எந்தச் செல்லில் செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால், “கேபி சார்” என்பார்கள். அங்கேயே நிறுத்திவிடுவேன்.

கேபி என்ற பெயரில் வளர்ந்துகொண்டிருப்பது வாய்ச் செல்லே அல்ல, ஹீலா. 1951இல் பால்டிமோரில் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் அவை. ஒரு துளி வேறொரு பிளாஸ்கில் விழுந்தாலும், அங்கிருந்த செல்களை ஒழித்துவிட்டுத் தானே நிறைந்துவிடும். வெவ்வேறு உறுப்புகளின் பெயரில் வளர்க்கப்பட்ட பல செல் வரிசைகளில் ஹீலாவின் நொதி அடையாளமே இருப்பதை ஸ்டான்லி கார்ட்லர் 1966இலேயே எடுத்துச் சொன்னார்.

“எதுவானாலும் புற்றுநோய் செல்தானே” என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஹீலாவில் ஹெச்பிவி-18 வைரஸின் மரபணுக்கள் உண்டு. அவை தயாரிக்கும் ஈ6 புரதம், கட்டியைத் தடுக்கும் பி53 புரதத்தைச் சிதைத்துவிடும். புகையிலையால் வரும் வாய்ப் புற்றிலோ பல நேரம் பி53 மரபணுவே திரிந்திருக்கும். மருந்து எப்படி வேலை செய்தது என்று நாம் எழுதும் விளக்கம் வேறு நோய்க்கு உரியதாகிவிடும். கேபியில் பாதி வேலை முடித்துவிட்டு வருபவரிடம் முடிவுகளைத் தூக்கி எறியச் சொல்வதில்லை. கருப்பைவாய்ப் புற்று செல்லில் செய்தது என்று தலைப்பு உட்பட மாற்றி எழுதச் சொல்கிறேன்.

என்னை மிகவும் உறுத்துவது சாங் லிவர் என்ற செல் வரிசை. அதுவும் ஹீலாதான். அதையே நல்ல கல்லீரல் செல்லாக வைத்து, மருந்தால் ஆபத்தில்லை என்று எழுதியிருக்கிறார்கள். 2010இல் இன்னொன்று வெளியானது: உணவுக்குழாய்ப் புற்று என்று நம்பப்பட்ட எஸ்ஈஜி-1 நுரையீரல் புற்று செல், பிஐசி-1 பெருங்குடல் புற்று செல். அதற்குள் அவற்றில் கிடைத்த முடிவுகளை ஆதாரமாகக் கொண்டு நோயாளிகளிடம் மருந்துச் சோதனைகளே தொடங்கியிருந்தன.

ஆகவே செல் வாங்கும் முன், செல் வரிசைகளின் அடையாளக் குழப்பங்களைத் தொகுக்கும் ஐக்ளாக் அமைப்பின் பட்டியலைப் பாருங்கள். தவறான பெயரில் உலவும் வரிசைகள் 500க்கும் மேல் அதில் உள்ளன, பார்க்கக் கட்டணமில்லை. தெரிந்த ஆய்வகத்தில் ஒரு பிளாஸ்க் கேட்டு வாங்குவதை விட்டுவிட்டு, புனேயின் தேசிய செல் அறிவியல் மையம் போன்ற களஞ்சியத்திலிருந்து தருவியுங்கள். வந்ததும் கொஞ்சம் பெருக்கி, திரவ நைட்ரஜனில் சில குப்பிகளைப் போட்டுவிட்டு, செல்லின் டிஎன்ஏ அடையாளத்தைப் பார்க்கும் எஸ்டிஆர் சோதனைக்கு அனுப்புங்கள். மூல வரிசையோடு 80 சதவீதமாவது பொருந்த வேண்டும். ஹூடில் ஒரு நேரத்தில் ஒரே வரிசை. ஒவ்வொன்றுக்கும் தனி மீடியா பாட்டில்.

செல் வளர்ப்பில் தொற்றிக்கொள்ளும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா வேறு கதை. மீடியா கலங்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது. செல்சுவர் இல்லாத உயிரி என்பதால் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. மாதம் ஒருமுறை பிசிஆர் சோதனை செய்துவிடுங்கள்.

எஸ்டிஆருக்கு ஏது பணம் என்று கேட்கிறார்கள். நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்திலேயே அதற்கென ஒரு வரி சேருங்கள். கட்டுரை அனுப்பும் முன் மறுபடி ஒருமுறை சோதித்து, அந்தத் தேதியைச் செய்முறைப் பகுதியில் எழுதுங்கள்.