ஒரு துறையின் நினைவு: சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் துறையும் சிற்றூர் ஆய்வுகளும்

முன்னுரை

பல்கலைக்கழகத் துறைகளின் வரலாறு பெரும்பாலும் பேராசிரியர்களின் வரலாறாகவே எழுதப்பெறுகிறது. பேராசிரியர் விலகிய பின்னும் அவர் எழுப்பிய வினா தொடர்வதற்குத் துறை எவ்வாறு துணைநிற்கிறது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகச் சிற்றூர் ஆய்வுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

துறைகளின் தோற்றம்

1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம், தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இயங்கியது. 1904ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம், பல்கலைக்கழகமே கற்பித்தலிலும் ஆய்விலும் ஈடுபட வழிவகுத்தது. 1914இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் இந்திய வரலாறு, தொல்லியல் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு கில்பர்ட் ஸ்லேட்டர் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தார். சமூக அறிவியல்கள் இங்கு ஒரே புலமாகத் தோன்றவில்லை. தனித்தனிப் பேராசிரியர் பதவிகளாகத் தோன்றிப் பின்னர்த் துறைகளாக வளர்ந்தன என்பது நோக்கத்தக்கது.

ஊரும் வினாநிரலும்

ஸ்லேட்டர் வினாநிரல் ஒன்றை வகுத்து, மாணவர்கள் தமக்குத் தொடர்புடைய ஊர்களை ஆராயச் செய்தார். அவ்வாய்வுகள் 1918இல் பல்கலைக்கழகப் பொருளியல் ஆய்வு வரிசையின் முதல் தொகுதியாக வெளிவந்தன. 1921இல் அவர் பணியிலிருந்து விலகினார், வினாக்கள் விலகவில்லை. அவ்வூர்களுள் சிலவற்றை மீண்டும் ஆராய்ந்த நூல், பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் ஆகியோரின் பதிப்பில் 1940இல் வெளிவந்தது. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர்கள் இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி ஆகிய ஊர்களை மீண்டும் ஆராய்ந்தனர்.

மாணவர் தமக்கு அறிமுகமான ஊரை எழுதியமையால் அணுக்கம் வாய்த்தது. எனினும், ஊரின் படிநிலையில் அவர் நின்ற இடமும் பதிவில் கலந்திருக்க வாய்ப்புண்டு. பிறிதொரு காலத்தில் பிறிதொருவர் அதே ஊருக்குச் செல்லும்போதே இச்சாய்வை இனங்காண இயலும். எனவே, மறு ஆய்வு என்பது முந்தைய ஆய்வின் மறுபடி அன்று; அதன் திறனாய்வே எனலாம்.

முடிவுரை

தமிழ்த் துறைகளிலும் வட்டார வழக்கு, நாட்டார் வழக்காறு குறித்த களப்பணிகள் முன்னர் இளமுனைவர் பட்டத்துக்காகவும் நிகழ்ந்தன; முனைவர் பட்டத்துக்காக இன்றும் நிகழ்ந்துவருகின்றன. ஆயின் பட்டம் பெற்றதும் வினாநிரலும் களக்குறிப்பும் ஆய்வாளரோடு சென்றுவிடின், அடுத்தவர் முதலிலிருந்தே தொடங்க நேரும். அவற்றைத் துறையே பேணி, குறித்த இடைவெளியில் அதே ஊர்களுக்கு ஆய்வாளரை அனுப்புமாயின், தனியொருவர் உழைப்பு துறையின் நினைவாக நிலைபெறும். மேற்கண்ட சிற்றூர் ஆய்வுகள் தமிழாய்வுக்கு உணர்த்தும் பாடம் இதுவாகும்.