மூடிய பெட்டிக்குள்

பேராக் மாநிலத்திற்கு மின்சாரம் புதியதன்று. பேராக் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட சென்டெரோ நீர்மின் நிலையம் 1930ஆம் ஆண்டிலேயே இயங்கத் தொடங்கியது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் மின்சாரத்தால் இயங்கின. ஆயினும், அம்மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த பலருக்கு நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே துணையாக இருந்தது. பின்னர், பல தோட்டங்களில் நிர்வாகத்தின் ஜெனரேட்டர் இரவில் சில மணி நேரம் மட்டும் லயத்து வீடுகளுக்கு வெளிச்சம் தந்தது.

காலப்போக்கில் ஈப்போவைச் சுற்றியிருந்த தோட்டங்கள் சில வீடமைப்புப் பகுதிகளாக மாறின. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தாமான்களில் குடியேறின. விளக்கு, மின்விசிறி, வானொலி ஆகியவற்றோடு நின்றிருந்த மின்தேவை, இன்று குளிர்சாதனம், நீர்ச்சூடேற்றி, சலவை இயந்திரம் எனப் பெருகிவிட்டது. இவை அனைத்துக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது வாசலருகே சுவரில் இருக்கும் மின்பங்கீட்டுப் பெட்டியாகும். மக்கள் இதனை 'டிபி பெட்டி' என்பர்.

இப்பெட்டிக்குள் இரு வகைக் காவலர்கள் உள்ளனர். முதல் வகை, 'எம்.சி.பி.' எனப்படும் சிறு துண்டிப்பான்கள். கம்பியில் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாய்ந்தால் இவை இணைப்பைத் துண்டிக்கும். இரண்டாம் வகை, 'இ.எல்.சி.பி.' என்று பலரும் அழைக்கும் மின்கசிவுத் துண்டிப்பான். வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் இது ஒப்பிட்டுப் பார்க்கும். மனித உடல் வழியாக மின்சாரம் நிலத்தில் கசிந்தால், அவ்வேறுபாட்டை உணர்ந்து நொடிப்பொழுதில் மின்சாரத்தை நிறுத்தும். 1994ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகள், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியருக்கும், தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியருக்கும் மேற்படாத மின்கசிவுத் துண்டிப்பான் வேண்டும் என்கின்றன.

கருவிகள் சரியாக இருந்தும் ஆபத்து நேர்வது ஏன்? வேலையின் தரமே அதற்குக் காரணம். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 20 ஆம்பியர் துண்டிப்பான் பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்வோம். கருவிகள் கூடியதால் அது அடிக்கடி துண்டிக்கிறது. பொறுப்பற்ற பணியாளர் அதை அகற்றி, 32 ஆம்பியர் துண்டிப்பானை மாட்டிவிடுகிறார். தொல்லை நின்றதென வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால், சுவருக்குள் இருக்கும் கம்பியோ அளவுக்கு மீறிச் சூடாகத் தொடங்குகிறது.

மற்றொரு தவறு இடிமழையோடு தொடர்புடையது. ஈப்போவில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. இடி விழும்போது மின்கசிவுத் துண்டிப்பான் சில வேளைகளில் மின்சாரத்தை நிறுத்திவிடும். வெளியூர் சென்று திரும்பும் குடும்பத்தினர் குளிர்பெட்டியில் மீன் கெட்டிருப்பதைக் கண்டு சலிப்படைவர். "அதை எடுத்துவிடுங்கள்" என்று அவர்களே கேட்பதும் உண்டு. அவ்வாறு அதைத் தவிர்த்து இணைப்புக் கொடுத்தால், விளக்குகள் வழக்கம்போல் எரியும். உயிர்க்காவல் மட்டும் போய்விடும்.

எல்லாவற்றிலும் நுட்பமான தவறு, சரியாக முடுக்கப்படாத திருகாணி ஆகும். தளர்ந்த இணைப்பில் மின்தடை உயரும். 0.2 ஓம் தடையுள்ள இணைப்பில் 15 ஆம்பியர் பாய்ந்தால் 45 வாட் வெப்பம் தோன்றும். அது ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலின் வெப்பத்திற்கு இணையானது. அங்கே மின்னோட்டம் அளவை மீறவில்லை. நிலத்தில் கசியவும் இல்லை. ஆகவே, இரு காவலர்களும் அதை அறியமாட்டார்கள். பணியாளரின் கவனம் ஒன்றே அங்குக் காவல்.

இதனால்தான் சட்டம் பணியாளரின் தகுதியை வலியுறுத்துகிறது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற குத்தகையாளரே இவ்வேலையை ஏற்க வேண்டும். தகுதிச் சான்றிதழ் பெற்றவர் மேற்பார்வையிட்டு, வேலை முடிந்ததற்கான சான்றிதழிலும் சோதனைச் சான்றிதழிலும் கையொப்பமிட வேண்டும். பெட்டியைத் திறந்து பார்க்க முடியாத வீட்டாருக்கு அக்கையொப்பமே உறுதிமொழியாகும். சோதிக்காமல் இடப்படும் கையொப்பம் பொய்ச்சாட்சிக்கு ஒப்பானது.

வீட்டாருக்கும் கடமை உண்டு. குறைந்த கூலியை மட்டும் பார்க்காமல், பணியாளரின் சான்றிதழைக் கேட்டுப் பார்க்க வேண்டும். மின்கசிவுத் துண்டிப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். உடனே துண்டிக்காவிட்டால், தகுதி பெற்றவரை அழைக்க வேண்டும். பெட்டியில் கருகல் வாடை, நிறமாற்றம், இரைச்சல், சூடு ஆகியவற்றுள் ஏதேனும் தென்பட்டால் தாமதிக்கலாகாது. மூடியைத் தாமே திறப்பதும் கூடாது.

சுவர்ப் பூச்சில் உள்ள குறையை வருவோர் போவோர் அனைவரும் காண்பர். மின்பெட்டிக்குள் உள்ள குறையை அதைச் செய்தவர் மட்டுமே அறிவார். பிறர் பார்க்காத இடத்திலும் திருகாணியை முறையாக முடுக்கும் கைகளை நம்பித்தான் ஒரு குடும்பம் இரவில் நிம்மதியாக உறங்குகிறது.