படத்தைக் கடைசியில் பாருங்கள்

மலாக்காவில் பழங்காசு சேர்ப்பவர்கள் வீட்டில் தவறாமல் இருக்கும் புத்தகம், 1986இல் வெளிவந்த சரண் சிங்கின் மலேசியா, சிங்கப்பூர், புரூணை நாணயக் கலைக்களஞ்சியம். அதிலுள்ள எண்ணைச் சொல்லித்தான் பேரமே நடக்கும். நானும் அதில்தான் படித்தேன். ஆனால் புதிதாக வருகிறவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: கள்ளக்காசு அடிப்பவனும் அதே புத்தகத்தைப் பார்த்துத்தான் அடிக்கிறான். படத்தோடு ஒத்துப்போகிறது என்பதற்காகக் காசு அசலாகிவிடாது.

முதலில் தராசு. நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு வெள்ளி (டாலர்) நாணயம் 1903, 1904இல் 26.95 கிராம். வெள்ளி விலை ஏறி, காசை உருக்கினால் லாபம் என்றானதும் 1907இல் 20.21 கிராமுக்கு இறக்கினார்கள். 1919இல் 16.85, அதிலும் வெள்ளி பாதிதான். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். 1903 என்று போட்டு 22 கிராம் நின்றால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எடை சரியாக இருந்தும் மனம் ஒப்பவில்லையா? நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பாருங்கள். அந்தக் காலத்து 900 தர வெள்ளியின் அடர்த்தி 10.3ஐ ஒட்டி வரவேண்டும்.

அடுத்தது வகை. 1903 வெள்ளியில் பம்பாய் நாணயச்சாலையின் ‘பி’ எழுத்து சிலவற்றில் குழிந்திருக்கும், சிலவற்றில் மேடாக இருக்கும். மேடானதுதான் அரிது. கைப்பேசிப் படத்தை நம்பி இதை வாங்கவே கூடாது. வெளிச்சம் விழும் பக்கம் மாறினால் குழி மேடாகத் தெரியும், மேடு குழியாகத் தெரியும். வெவ்வேறு பக்கம் விளக்கு வைத்து எடுத்த படங்களைக் கேளுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். நேரில் பார்க்கும்போது பத்து மடங்கு உருப்பெருக்கியில் எழுத்தின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். பிறகு ஒட்டிய எழுத்தென்றால் சுற்றிலும் மெல்லிய கோடு காட்டிக்கொடுக்கும்.

ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களில் கிடைக்கும் வெள்ளிக்காசுகளின் விளிம்பில் பற்றவைத்த தழும்பு இருக்கும். பாட்டிமார் வளையம் வைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டது. புத்தக விலை இதற்குக் கிடைக்காது. எனக்கு என்னவோ பளபளக்கும் காசைவிட இதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். விலையைக் குறைக்கும் தழும்பை எந்தப் போலிக்காரன் மெனக்கெட்டு உண்டாக்குவான்?

ஈயக்காசு வேறு கதை. 1511இல் மலாக்காவைப் பிடித்த அல்புகெர்க் வெள்ளீயத்தில் தின்யேரோ, சோல்டோ, பஸ்தார்டோ என்று காசுகள் வெளியிட்டார். போர்த்துகீசிய ஏடுகள் நினா சாத்து என்று குறிப்பிடும் தமிழ் வணிகர் அவரிடம் பதவி பெற்றிருந்த காலம் அது. முத்திரை அடித்த காசில் காற்றுக் குமிழ் தெரிந்தால் போலி என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். இந்த ஈயக்காசுகளோ அசலே வார்ப்பு. குமிழ் இருந்தாலும் ஒன்றும் நிரூபணமாகாது. நகப்பூச்சு நீக்கியில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். கறுப்பு பஞ்சில் வந்தால் அது சாயம். உண்மையான அரிப்பு உலோகத்துக்குள்ளேயே இறங்கியிருக்கும்.

அதற்கும் மேல், எங்கே கிடைத்தது என்பது முக்கியம். மலாக்கா ஆற்று முகத்துவாரத்தில் கிடைத்த காசுகளை ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் ஹானிட்ச் 1903இல் கட்டுரையாக எழுதிவைத்தார். இன்றும் அதுதான் அடிப்படை. தமிழகத்தில் கரூரிலும் மதுரையிலும் கிடைத்த ரோமானியச் செப்புக்காசுகளுக்கு இரா. கிருஷ்ணமூர்த்தி 1994இல் தனி நூலே போட்டார். தேய்ந்த சின்னக் காசுக்கு, அது கிடைத்த மண்ணில் இருந்து எழுதிய புத்தகம்தான் கைகொடுக்கும்.

ஆற்றங்கரையிலோ தோட்டத்து மண்ணிலோ ஈயக்காசு அகப்பட்டால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்தில் தெரிவியுங்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் கேட்பதும் அதுதான்.