ஏரியும் புல்வெளியும்

நுழையும்முன்

கோடை விடுமுறையில் கொடைக்கானலுக்குச் செல்வோர் முதலில் தேடுவது ஏரியைத்தான். படகு, மிதிவண்டி, குதிரைச் சவாரி, சுட்ட சோளக்கதிர் என்று அந்த ஏரிக்கரையே பலருக்கும் கொடைக்கானலாகத் தோன்றுகிறது. அந்த ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்னும் வினா மட்டும் அங்கே அரிதாகவே எழுகிறது. அவ்வினாவின் வழியே அம்மலையூரை அறிமுகப்படுத்துகிறது இப்பாடம்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீண்டு கிடக்கும் கிளையே பழனிமலைத் தொடர். அதன் மேற்பரப்பில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் அமைந்துள்ளது. வத்தலக்குண்டிலிருந்து பேருந்து மலையேறத் தொடங்கியதும் சமவெளியின் வெக்கை மெல்லமெல்ல விலகும். புதர்க்காடு மறைந்து, வாழையும் காபியும் தோன்றி, பெருமாள்மலையை நெருங்குகையில் பனிமூட்டம் எதிர்கொள்ளும்.

இம்மலை தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் இம்மலைப் பகுதியை ஆண்டவன். ஆவியர் குடியினரின் பொதினி என்பது இன்றைய பழனி. கோடை என்னும் மலைக்குத் தலைவனாகக் கடிய நெடுவேட்டுவன் என்பவனைப் புறநானூறு குறிக்கிறது. அக்கோடைமலை இன்றைய கொடைக்கானல் பகுதியே என்று அறிஞர் பலர் கருதுவர். பளியர், புலையர் முதலிய மலைவாழ் மக்கள் தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் இங்கு நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். ஆகவே, இம்மலையை ஆங்கிலேயர் 'கண்டுபிடித்தனர்' என்று எழுதுவது பொருந்தாது. அவர்கள் அளந்தனர், குடியேறினர், அவ்வளவே.

சதுப்பு நிலம் ஏரியானது

1821ஆம் ஆண்டு வார்டு என்னும் அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்கச் சமயப் பணியாளர்கள், வெப்பத்திலிருந்தும் கொடிய நோய்களிலிருந்தும் தப்பும்பொருட்டு 1845இல் இங்கு வீடுகள் கட்டினர். அப்போது வண்டிப்பாதை இல்லை. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து செங்குத்தான மலைப்பாதையில் நடந்தோ, குதிரையிலோ, டோலியில் அமர்ந்தோதான் மேலே வரவேண்டும். டோலியில் வந்தவர்கள் பயணக் குறிப்பு எழுதினார்கள். அதனைத் தோளில் சுமந்து ஏறியவர்கள் எழுதவில்லை.

இன்று நாம் காணும் ஏரியும் இயற்கையாக அமைந்ததன்று. மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு, ஓடைகள் கூடும் ஒரு சதுப்புப் பள்ளத்தாக்கின் குறுக்கே 1863இல் கரை எழுப்பி நீரைத் தேக்கினார். பள்ளத்தாக்கின் கிளைகளுக்குள் நீர் புகுந்ததால் ஏரிக்கு விண்மீன் போன்ற வடிவம் வாய்த்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். சுற்றுச்சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஏரி நிரம்பி வழியும் நீரே, மலைச்சாலையில் பேருந்துகள் நின்று செல்லும் வெள்ளி நீர்வீழ்ச்சியாகக் கொட்டுகிறது.

கரை கட்டியவர் நீரைத் தேக்கினார் எனலாம். நீரை உண்டாக்கினார் எனல் இயலாது. ஓடைகளுக்கு நீர் தந்தவை மலைமுகட்டுப் புல்வெளிகளும் சோலைகளும் ஆகும்.

நீரைப் பிடித்து வைக்கும் நிலம்

மலைமுகட்டின் சரிவுகளில் புல்வெளி பரந்திருக்கும். மடிப்புகளிலும் பள்ளங்களிலும் மட்டும் அடர்ந்த மரக்கூட்டம் இருக்கும். இம்மரக்கூட்டமே சோலை. சோலை மரங்கள் வானளாவ வளர்வதில்லை. குளிர்காற்றைத் தாங்கிக் குட்டையாகவும் முறுக்கேறியும் நிற்கும். அவற்றின் கிளைகளில் பாசியும் பெரணியும் ஆர்க்கிட் செடிகளும் படர்ந்திருக்கும். அடியில் உதிர்ந்த இலைகள் மக்கி, கால் வைத்தால் மெத்தையென அமிழும்.

கொடைக்கானல் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறுகிறது. சோலைமேல் விழும் மழைத்துளி நேரே மண்ணை அறைவதில்லை. இலையில் தங்கி, பாசியில் ஊறி, மக்கிய இலையடுக்கில் இறங்கி, பின்னரே மண்ணுக்குள் செல்கிறது. புல்வெளியின் பின்னிய வேர்களும் மண்ணை அரிக்கவிடாமல் பிடித்துக்கொண்டு நீரை உள்ளே அனுப்புகின்றன. இவ்வாறு உள்வாங்கிய நீர் சிறிது சிறிதாகக் கசிவதால்தான் மழையில்லாத மாதங்களிலும் ஓடைகள் வற்றாமல் ஓடுகின்றன. தென்சரிவின் ஓடைகள் வையையை அடைகின்றன. வடசரிவில் பிறப்பவை சண்முகநதி வழியே அமராவதியிலும், அதன் வழியே காவிரியிலும் கலக்கின்றன.

மரமே காடு என்று எண்ணியவர்களுக்குப் புல்வெளி தரிசாகத் தோன்றியது. விறகுக்காக யூகலிப்டசும், தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் எனப்படும் சீகையும், பைன் மரங்களும் நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னரும் இந்நடவு பெரிய அளவில் தொடர்ந்தது. சுற்றுலாப் பயணிகள் வியந்து படமெடுக்கும் பைன் காடு, மனிதர் வரிசையாக நட்ட தோட்டமே ஆகும். சீகையோ நட்ட இடத்தில் நில்லாமல் தானாகவே பரவியது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று, 1973 முதல் 2014 வரை பழனிமலையின் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் காட்டுகிறது.

அயல்மரங்களை ஒரேயடியாக வெட்டிவிடலாமே என்று தோன்றலாம். சிக்கல் அவ்வளவு எளியதன்று. பழைய தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வளர்கின்றன. அங்கே வெட்டினால் கன்றுகளும் அழியும். வெட்டிய இடத்தில் சீகை விதைகள் மீண்டும் பெருகி முளைக்கும். எந்த இடத்தில் நீக்குவது, எந்த இடத்தில் விட்டுவைப்பது என்பதைச் சரிவுக்குச் சரிவு பார்த்தே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

தெரியுமா?

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. அடுத்து 2030இல் பூக்க வேண்டும். இது திறந்த புல்வெளிச் செடி. புல்வெளி மரத்தோட்டமானால் இதற்கு இடமில்லை. கொடைக்கானலில் உள்ள குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936இல் எழுப்பியவர், இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார். அவர் அயல்நாட்டில் பிறந்து சைவம் தழுவியவர்.

ஊரின் சுமை

1899இல் கதிரவனை ஆராயும் வானாய்வகம் இங்கு தொடங்கப்பட்டது. பெரும்பஞ்சத்துக்குப் பின், பருவமழைக்கும் கதிரவனின் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் விருப்பமும் அதற்கு ஒரு காரணம். கதிரவ கரும்புள்ளிகளில் வாயு பரவும் முறையை எவர்செட் 1909இல் கண்டறிந்தது இங்கேதான். இவ்வளவு தெளிந்த காற்றை நாடி அறிவியல் வந்த மலைக்கு, பின்னாளில் பாதரசமும் வந்தது. 1980களில் தொடங்கிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்றின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, பழைய பொருள் கடையில் கிடப்பது 2001இல் வெளிப்பட்டது. ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. ஆலை நின்ற மேட்டின் கீழேதான் பாம்பார் சோலை இருக்கிறது.

ஏரியின் துன்பம் இவ்வளவு வெளிப்படையானதன்று. சுற்றியுள்ள கட்டடங்களின் கழிவுநீர் ஓடைகளில் கலக்கிறது; நீர்க்களைகள் பெருகுகின்றன; களைகளை அகற்றுகின்றனர்; அவை மீண்டும் வளர்கின்றன. ஆயினும் பயணிகள் வராதிருப்பதே நல்லது என்று கூறிவிட முடியாது. படகோட்டிகள், குதிரைக்காரர்கள், பேரிக்காயும் மலைப்பூண்டும் விற்கும் பெண்கள், விடுதிப் பணியாளர்கள் எனப் பல குடும்பங்களின் அடுப்பு அவர்களை நம்பியே எரிகிறது.

இவ்விரண்டுக்கும் இடையே வழி காணும் முயற்சியாகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்குச் செல்லும் வாகனங்களுக்கு இணையவழி அனுமதிச்சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் வார நாள்களில் 4,000, வார இறுதி நாள்களில் 6,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. வணிகர்கள் சிலர் இதனை எதிர்த்தனர். நெரிசலில் ஆம்புலன்சு சிக்குவதைக் கண்ட ஊர்மக்கள் சிலர் வரவேற்றனர்.

கொடைக்கானலுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கிறது பேரிஜம் ஏரி. அங்கே செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும்; கரையில் கடைவீதி இல்லை. அதன் நீர் மலையடிவாரத்துப் பெரியகுளம் நகருக்குக் குடிநீராகிறது. அந்நகரின் வீடுகளில் காலையில் குழாயைத் திறக்கும்போது குடத்தில் விழுவது, மேலே புல்லும் சோலையும் பிடித்து வைத்திருந்த முந்தைய பருவத்தின் மழை.