ஃபார்மட் போடுவதற்கு முன்னால்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கம் கம்ப்யூட்டர் பார்க்கக் கிளம்பியிருக்கும் தம்பிகளுக்கு:

1. எடுத்த எடுப்பில் ஃபார்மட் போடாதே. லேமிங்டன் ரோட்டுக்குப் போய்ப் புது ரேம் வாங்கிவரச் சொல்லியும் விரட்டாதே. நேற்றுவரை ஓடிய மெஷின் இன்று திக்கினால், புதிதாக ஏறிய ஏதோ ஒன்று பழையதோடு மல்லுக்கு நிற்கிறது என்றே முதலில் சந்தேகப்படு.

2. "கடைசியா என்ன ஏத்தினீங்க?" என்று கேள். "ஒண்ணுமே ஏத்தலியே" என்பார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு ரிலையபிலிட்டி மானிட்டரைத் திற. எந்த நாளில் எது ஏறியது, எது விழுந்தது என்று அது காட்டிக்கொடுக்கும்.

3. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை என்றால் திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் பார். தமிழ் டைப் அடிக்க முதலாளி போட்ட அழகி ஒன்று, டைப் அடிக்கும் பெண் போட்ட என்.எச்.எம். ரைட்டர் ஒன்று, விண்டோஸின் சொந்தத் தமிழ் விசைப்பலகை வேறு. ஒவ்வொன்றும் நல்ல சரக்குதான். ஒரே நேரத்தில் ஓடினால் ஒரே தட்டலுக்கு இரண்டு பேர் கை நீட்டுவார்கள். முருகன் கந்தலாகி வருவார். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை ஸ்டார்ட்அப் பட்டியலிலிருந்தும் எடு. மூடினால் மட்டும் போதாது, காலையில் மறுபடி வந்து உட்காரும்.

4. வாட்ஸப்பில் வந்த வாசகத்தைப் பேஜ்மேக்கரில் ஒட்டினால் கேள்விக்குறியாகக் கொட்டுகிறதா? அது சண்டையே இல்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அதற்கு யூனிகோட் தெரியாது. பாமினி எழுத்துருவுக்கு மாற்றி ஒட்டு. மாற்றிய பிறகு ஸ்ரீ, ஜ, ஷ வரும் பெயர்களை எழுத்தெழுத்தாகப் படி. மாப்பிள்ளை பெயர் சிதைந்தால் பழி உன் மேல்தான்.

5. ஆன்டிவைரஸ் ஒன்றே ஒன்று. பழையதை நீக்க அந்தக் கம்பெனியே தரும் நீக்கும் கருவியைப் பயன்படுத்து. இல்லையென்றால் டிரைவர்கள் உள்ளேயே தங்கும்.

6. ஒன்றும் பிடிபடவில்லையா? எம்.எஸ்.கான்ஃபிக் திறந்து, மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைத்துவிட்டு, மீதியில் பாதியை அணைத்து ரீஸ்டார்ட் செய். 32 சர்வீஸ் இருந்தாலும் குற்றவாளி ஒருவன் என்றால் ஐந்து ரீஸ்டார்ட்டில் சிக்குவான். சண்டைக்கோ இரண்டு பேர் வேண்டுமே! ஆளுக்கொரு பாதியில் இருந்தால் இரண்டு பாதியும் தனித்தனியே சமர்த்தாக ஓடும். அப்போது ஒரு பாதியை முழுசாக ஓடவிட்டு, மற்றதை மட்டும் பிரித்துக்கொண்டே போ. புதுப் பையன்கள் கைவிடும் இடம் இதுதான்.

7. 2024 ஜூலை 19-ஐ மறக்காதே. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பிய ஒரே அப்டேட்டில் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரையில் விழுந்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வைத்தியம் என்ன தெரியுமா? சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழிப்பது. பிட்லாக்கர் போட்டிருந்தவர்கள் ரெகவரி கீ தேடி அலைந்ததுதான் பெரிய பாடு. ஆகவே கை வைக்குமுன் அந்தக் கீயைக் கேட்டு வாங்கு.

8. குற்றவாளியைத் தவிர, அணைத்த மற்ற சர்வீஸ்களைத் திரும்பப் போட்டுவிட்டு எழுந்திரு. பில்லிங் மென்பொருளின் லைசென்ஸ் சர்வீஸ் அணைந்தே கிடந்தால் ராத்திரி பத்து மணிக்கு உனக்குத்தான் போன் வரும்.